டெல்பின் படிக்காத புத்தகம்

ஜொவிட்டா கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. "அண்ணி, வெள்ளிக் கடிதத்துல என் பேரையும் போடலாமே?" அவ்வளவுதான். அதற்கு டெல்பின் சிரித்தாள். போன வாரம் அந்தச் சிரிப்போடு நாம் எழுந்து வந்துவிட்டோம். அங்கே அதற்குப் பிறகு இரண்டு நாள் ஆயிற்று. நாத்தனாரும் அண்ணியும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் லாய்டுதான் பாவம், "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில், ரோசரி சர்ச் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் 'நங்கூரம்' புத்தகக் கடை இருக்கிறது. லாய்டும் அவன் மனைவி டெல்பினும் பதினெட்டு வருஷமாக நடத்துகிறார்கள். லாய்டின் தங்கை ஜொவிட்டாவும் அங்கேதான். பார்சல் பிரிப்பாள், அலமாரி அடுக்குவாள், கிடைத்த நேரத்தில் எல்லாம் படிப்பாள். சோறு சாப்பிடும்போதும் இடது கையில் புத்தகம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி ஆனால் ஆயிரத்துச் சொச்சம் பேருடைய வாட்ஸ்அப்பில் 'வெள்ளிக் கடிதம்' போய் விழும். புது வரவு, கடைச் செய்தி, கடைசியில் 'டெல்பின் கை காட்டும் புத்தகம்'. அந்தக் கடைசிப் பகுதிக்காகவே காத்திருக்கிற கூட்டம் ஒன்று உண்டு. டெல்பின் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் பேர்.

பேர் என்னவோ அப்படி. ஆனால் டெல்பின் ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துப் பதினாலு மாசம் ஆகிறது.

இதற்குக் காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அதுதான் அவளுக்கு வெட்கம். நோய் நொடி இல்லை, கண்ணில் கோளாறு இல்லை. புத்தகத்தை எடுப்பாள், மூணு பக்கம் ஓடும், கை தானாகப் போனுக்குப் போய்விடும். அதில் ஏதோ வீடியோவில் எவனோ அழுக்குக் கம்பளத்தை அலசிக்கொண்டிருப்பான். எவளோ வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருப்பாள். நிமிர்ந்து பார்த்தால் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். புத்தகக் கடைக்காரி செய்கிற காரியமா இது? யாரிடம் போய்ச் சொல்லுவாள்!

பிறகு கடிதத்தை எழுதுவது யார் என்று கேட்பீர்கள். நங்கூரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பிரதியைக் கடைக்காரர்கள் படிக்கவென்று ஒதுக்கி வைப்பார்கள். படிக்கிறவர் மனசில் பட்டதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும். முழுசும் படித்துவிட்டால் சீட்டு பின்னட்டைக்குள் இருக்கும். பாதியில் விட்டுவிட்டால், விட்ட பக்கத்திலேயே இருக்கும். பின்னட்டையில் சீட்டு இல்லாத புத்தகத்தைக் கடையில் ஒருத்தரும் வாசகருக்குக் கை காட்டக் கூடாது. கடை திறந்த முதல் வாரத்திலேயே இந்தச் சட்டத்தைப் போட்டவள் டெல்பின்தான்.

இப்போது சீட்டெல்லாம் ஜொவிட்டாவின் கையெழுத்து. டெல்பின் அதைப் பார்த்து அப்படியே தட்டி, கீழே தன் பேரைப் போட்டு அனுப்பிவிடுவாள்.

ஆறு வாரத்துக்கு முந்தி போன கடிதம் இது:

'கடைச் செய்தி: தெரு முனையில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருக்கிறார்கள், பின்பக்கச் சந்து வழியாக வரவும். ஞாயிறு பத்தரைக்குப் பிள்ளைகளுக்குக் கதை நேரம். டெல்பின் கை காட்டும் புத்தகம்: எலுமிச்சை வீட்டார். ஒரு வீடு, அஞ்சு பேர், ஒரே ஒரு குளியலறை. காலை ஏழு மணிக்கு அந்த வாசலில் நடக்கிற சண்டையைப் படித்துச் சிரிக்காதவர்கள் கடைக்கு வந்து என்னோடு சண்டை போடலாம். அப்பாவும் மகளும் பேசிக்கொள்கிற பேச்சு நம்ம வீட்டில் கேட்ட மாதிரியே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்ட அருமையான புத்தகம்.'

இதில் கடைசி வரி மட்டும்தான் டெல்பினுடைய சொந்தச் சரக்கு. அவசரமான வியாழக்கிழமைச் சாயங்காலம் ஒன்றில், கடிதத்தின் முடிவு கொஞ்சம் சப்பென்று இருக்கிறதே என்று சேர்த்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆலிஸ் டீச்சர் கடைக்குள் வந்தார்.

ஆலிஸ் டீச்சரை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்து நாலு வருஷம் பங்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். இப்போது பெசன்ட் நகரில், வேளாங்கண்ணி கோயிலுக்குப் பின்னால் இருக்கிறார். கணவர் ஃபிரெட்ரிக் சாருக்குச் சர்க்கரை வந்து பார்வை போய்விட்டது. தினமும் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும், ஜெபத்தைச் சொல்லிவிட்டு அவருக்குப் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டுவார். அதற்குப் புத்தகம் எடுக்க இரண்டு பஸ் மாறி நங்கூரத்துக்குத்தான் வருவார்.

"உட்காருங்க டீச்சர். டீ சொல்லட்டுமா?" என்று எழுந்தாள் டெல்பின்.

"டீ எல்லாம் வேணாம்மா. உன்கிட்ட ஒண்ணு கேட்கணும்னு வந்தேன்." பையிலிருந்து மஞ்சள் அட்டைப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இந்தக் கதை கடைசில என்ன ஆகுது?"

டெல்பினுக்குப் புரியவில்லை. "ஏன் டீச்சர்? பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். நூத்தித் தொண்ணூத்தெட்டாம் பக்கம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு." டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுல அந்தப் பொண்ணு அப்பா பொறந்த நாளுக்குக் கேக் வாங்கப் போறா இல்ல, ஸ்கூட்டர்ல. வீட்டுக்குப் போன் வருது. யாரோ ஆஸ்பத்திரிலேருந்து பேசறாங்க. நான் அங்கேயே நிறுத்திட்டேன்."

டெல்பின் மஞ்சள் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

டீச்சரின் மகள் ரோஸி நாலு வருஷத்துக்கு முந்தி இப்படித்தான் போனாள். ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது, மத்திய கைலாஷ் சிக்னல் தாண்டி ஒரு தண்ணி லாரி. அடக்கப் பூசைக்கு டெல்பின் போயிருக்கிறாள். டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"அவர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, 'ஏன் நிறுத்திட்டே, யார் போன்ல?'ன்னு கேட்கிறார். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. கடன்காரன்னு சொல்லிட்டேன். அன்னிலேருந்து மூணு வாரமா நானே இட்டுக்கட்டிச் சொல்லிக்கிட்டிருக்கேன் டெல்பின். பக்கத்தைப் பக்கத்தைத் திருப்பறேன், வாய்க்கு வந்ததைச் சொல்றேன். பள்ளிக்கூடத்துல காப்பி அடிச்ச பிள்ளைங்களைப் பெஞ்சு மேல ஏத்தினவ நான். இப்ப கட்டின புருஷனை ஏமாத்தறேன்."

"டீச்சர்..."

"இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவேன்? சரக்கு தீர்ந்துபோச்சு. எனக்குத் தைரியம் இல்லை, அதனாலதான் உன்கிட்ட வந்தேன். நீ இதைப் படிச்சவ. அந்தப் பொண்ணு பொழைச்சுக்கிறாளா? கடைசில நல்லா முடியுதா? நீ முடியுதுன்னு சொல்லு, இன்னிக்கே நிஜமான கதையை அவருக்கு வாசிச்சுடறேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'டீச்சர், நான் படிக்கலை.' மூணே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்ததுதான். ஆனால் எதிரே அந்தம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, டாக்டர் வாயைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்குகிற அன்றைக்கே, "எங்க வீட்டுக்கு இது ஆகுமாம்மா?" என்று கேட்டவர். "தாராளமா டீச்சர்" என்று சொன்ன வாய் இது.

"நல்லாத்தான் முடியும் டீச்சர்," என்றாள் டெல்பின்.

"நிஜமா?"

"பயப்படாம வாசிங்க."

டீச்சர் எழுந்து அவள் கன்னத்தைத் தொட்டார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "சேசுவுக்குத் தோத்திரம். நீ நல்லா இருப்பேம்மா," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

டெல்பின் கடையின் பின்பக்கத்துக்கு ஓடினாள். ஜொவிட்டா பார்சல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜொவி, எலுமிச்சை வீட்டார் கடைசில என்ன ஆகும்?"

இரண்டு நாள் கழித்துப் பேசுகிற முதல் பேச்சு. ஜொவிட்டா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கெப்படித் தெரியும்?"

"நீதானே சீட்டு எழுதினே?"

"எழுதினேன். சீட்டு எங்கே இருந்துச்சு?"

ஜொவிட்டா எழுந்து போய் அலமாரியிலிருந்து கடைப் பிரதியை உருவிக்கொண்டு வந்து நீட்டினாள். நூற்று எண்பத்திரண்டாம் பக்கத்தில் சீட்டு சமர்த்தாக இருந்தது.

"நடுவுல இருந்தா என்ன அர்த்தம் அண்ணி?"

"பாதிலே விட்டதுன்னு அர்த்தம்."

"அந்தப் பொண்ணு ஸ்கூட்டர் சாவியை எடுத்தா. எனக்கு அதுக்கு மேல படிக்க முடியலை. ரோஸி என்கூடப் படிச்சவ, மறந்துட்டீங்களா?" ஜொவிட்டாவின் குரல் திடீரென்று மாறியது. "இருங்க. இதை எதுக்குக் கேட்கறீங்க? கடிதத்துல போட்டுட்டீங்களா?"

"நீ பார்க்கலையா?"

"உங்க கடிதத்தை நான் படிக்கிறதே இல்லை அண்ணி. நான் எழுதினதுக்குக் கீழே உங்க பேரைப் பார்க்க வேணாம்னு."

அதற்குள் டெல்பினின் போன் அடித்தது. லாய்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் புத்தக ஸ்டால் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டே முன்பக்கம் வந்தாள்.

"டெல்பின், பஸ் ஸ்டாப்புல ஆலிஸ் டீச்சரைப் பார்த்தேன். கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. நம்ம குடுத்த புத்தகத்துல ஸ்கூட்டர்ல போற பொண்ணுக்கு ஏதோ ஆகுதுன்னு சொன்னாங்க. அவங்க வீட்டுக்குப் போய் அந்த மாதிரிப் புத்தகத்தை யார் குடுத்தது? யார் படிச்சுட்டுச் சொன்னது?"

"ஜொவிட்டா சீட்டுதான்," என்றாள் டெல்பின். "பாதிலே விட்டுட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கடவுள்மேல் ஆணையிட்டுக்கூடச் சொல்லலாம். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே முகம் எரிந்தது.

"நான் வந்து அவகிட்ட பேசிக்கிறேன்," என்று லாய்டு கோபத்தோடு வைத்துவிட்டான்.

டெல்பின் திரும்பினாள். அலமாரிக்கு அந்தப் பக்கம் ஜொவிட்டா நின்றுகொண்டிருந்தாள். கையில் பிரித்த பார்சலின் சணல் கயிறு. அதைச் சுற்றிச் சுற்றி உருண்டையாக்கி மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மணி பதினொன்று முக்கால். ஆறு மணிக்கு டீச்சர் வாசிக்க ஆரம்பித்துவிடுவார்.

டீச்சருக்குப் போன் போட்டு 'வாசிக்காதீங்க' என்று சொன்னால் என்ன என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால்? மறுபடியும் ஒரு பொய் தயார் பண்ண வேண்டும். அவள் போனை மேஜை டிராயரில் போட்டாள். டிராயரைப் பூட்டினாள். சாவியைப் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜுவேரியாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "அஞ்சு மணிக்கு முந்தி நானே வந்து கேட்டாலும் குடுக்காதே," என்றாள். ஜுவேரியா ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பிறகு மஞ்சள் அட்டையைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

முதல் அரை மணி நேரம் பட்ட பாட்டை நான் சொல்ல மாட்டேன். கை டிராயருக்கும் புத்தகத்துக்கும் அலைந்தது. நாற்பதாம் பக்கத்தில் குளியலறைச் சண்டை வந்தது. அவளை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அழுகை வந்தது. ஜொவிட்டா சீட்டில் எழுதினது எத்தனை சரி! அதை எத்தனை அலட்சியமாக எடுத்துத் தன் பேரை ஒட்டினோம்! இந்த மாதிரி எத்தனை புத்தகம், எத்தனை வெள்ளிக்கிழமை. புத்தகம் வாங்க வந்தவர்கள் "நீங்க சொன்னது கரெக்ட் மேடம்" என்று சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டதை நினைக்க நினைக்கக் கூசியது.

மத்தியானம் சாப்பிடவில்லை. வந்தவர்களுக்குப் பில் போட்டாள், மறுபடி படித்தாள். நாலு மணிக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கம் வந்தது. போன் மணி அடிக்கிறது. அந்தப் பெண் பிழைக்கவில்லை.

அஞ்சு மணிக்குச் சாவியை வாங்கிப் போனை எடுத்துக்கொண்டாள். லாய்டு அப்போதுதான் வந்து உள்ளே போனான். அவனிடம் ஒன்றும் சொல்லாமல், புத்தகத்தோடு தெருமுனைக்கு வந்து ஆட்டோவைக் கை காட்டினாள். இன்னும் முப்பது பக்கம் பாக்கி.

"பெசன்ட் நகர், வேளாங்கண்ணி சர்ச். ஆறு மணிக்குள்ள போகணும்பா."

"லஸ் பக்கம் போவ முடியாதுக்கா, பள்ளம் நோண்டி வச்சிகீறானுங்க. பட்னப்பாக்கம் வழியா இட்டுகினு போறேன், குந்து," என்றான் டிரைவர்.

அடையாறு பாலத்தில் வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. டெல்பின் குனிந்த தலை நிமிராமல் படித்தாள். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே வந்த டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, படிச்சிகினே அழுவுற? பரிச்சையா?"

"ஆமாம்பா. பரீட்சைதான்."

"இந்த வயசுலயா!" என்றான் அவன். "எல்லாம் பாஸ் ஆயிடுவ. அழுவாத."

கோயில் கோபுரம் தெரிகிறபோது கடைசிப் பக்கம் வந்தது. மகள் போன பிறகு வருகிற அடுத்த பிறந்த நாள். அப்பா வாசக்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காலையிலிருந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். இருட்டினதும் அவரே எழுந்து போய்ச் சாத்துகிறார். அதோடு முடிந்தது. டெல்பின் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள், இன்னும் ஏதாவது இருக்குமா என்று. ஒன்றும் இல்லை.

ஆறு அடிக்க அஞ்சு நிமிஷம். டீச்சர் வீடு இரண்டாவது மாடி. மூச்சு வாங்க ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. மாதா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றியாயிற்று. ஃபிரெட்ரிக் சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பூசைக்கு உட்கார்ந்த மாதிரிச் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் மஞ்சள் அட்டைப் புத்தகம் தயாராக இருந்தது.

"யாரு, டெல்பினா? வா, வா!" டீச்சர் முகம் மலர்ந்தது. "கரெக்டா வந்தே. இப்பத்தான் ஆரம்பிக்கப் போறோம்."

"டீச்சர், வாசிக்காதீங்க."

"ஏம்மா?"

எப்படி ஆரம்பிப்பது? ஆட்டோவில் ஒத்திகை பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. "நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கலை. கடிதத்துல எழுதினப்போ படிக்கலை. உங்க கையில குடுத்தப்போ படிக்கலை. இன்னிக்குக் காலைல நீங்க கேட்டப்போகூடப் படிக்கலை. சும்மா சொன்னேன். இப்பத்தான் படிச்சு முடிச்சேன். அது நல்லா முடியலை டீச்சர். அந்தப் பொண்ணு பொழைக்கலை. நீங்களா சொல்லிக்கிட்டிருக்கீங்களே, அந்தக் கதையே இருக்கட்டும்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயோ! டீச்சரின் ரகசியத்தைக் கணவர் எதிரிலேயே போட்டு உடைத்தாயிற்று. ஒரு தப்பைக் கழுவ வந்த இடத்தில் இன்னொன்று. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

டீச்சர் கணவரைப் பார்க்கவில்லை. டெல்பினைத்தான் பார்த்தார். குரல் உயரவே இல்லை.

"ரோஸி பூசைக்கு வந்தவதானே நீ? என் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே."

"ஆமாம் டீச்சர்."

"என் வீட்டுக்கு ஆகுமான்னு உன்கிட்டக் கேட்டேனே."

"கேட்டீங்க."

"ஊர்ல எத்தனையோ கடை இருக்கு. ரெண்டு பஸ் மாறி உன்கிட்ட எதுக்கு வர்றேன்? நீ படிச்சுட்டுக் குடுப்பேன்னுதானே?"

டெல்பின் தலை குனிந்து நின்றாள். நாற்பத்தாறு வயசில், பெஞ்சு மேல் ஏறி நிற்கிற பிள்ளை மாதிரி. கண்ணீர் வழிந்து புத்தக அட்டையில் சொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. "ஜொவிட்டா மேலயும் பழியைப் போட்டேன். அவ ஒழுங்காத்தான் சீட்டு வச்சிருந்தா," என்றாள். கேட்காததையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆறும் போலிருந்தது.

அப்போது கோயில் மணி அடித்தது. ஒருத்தரும் ஜெபத்தை ஆரம்பிக்கவில்லை. மணி நின்ற பிறகு ஃபிரெட்ரிக் சார்தான் பேசினார்.

"ஆலிஸ், நீ வாசிக்கும்போது முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி நிறுத்துவே. முப்பத்து நாலு வருஷம் டிக்டேஷன் போட்ட பழக்கம். மூணு வாரமா நிறுத்தாமப் போய்க்கிட்டிருக்கே."

டீச்சர் தலை விருட்டென்று திரும்பியது. "தெரியுமா உங்களுக்கு?"

"கடன்காரன்கிட்டேருந்து போன்னு சொன்னியே, அன்னிக்கே தெரியும். உன் குரல் கேட்டா தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

"உன் கதையில அந்தப் பொண்ணுக்குப் போஸ்ட் ஆபீஸ்ல வேலை கெடைச்சுது. நேத்து அவளுக்குக் கல்யாணப் புடவை எடுத்தாங்க. அரக்குக் கலர்னு சொன்னே." சார் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "நான் ஏன் வேணாம்னு சொல்லணும்?"

டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. சார் கையை நீட்டித் தடவி, அவர் முழங்கையைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். டெல்பினுக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"நான் வர்றேன் டீச்சர்," என்று முனகினாள்.

"எங்கே போறே?" என்றார் சார். "அந்தப் புத்தகத்துல அந்த அப்பன் என்ன பண்றான்? அதை நான் தெரிஞ்சுக்கணும்."

"வேணாங்க," என்றார் டீச்சர். "என்னால வாசிக்க முடியாது."

"நீ வாசிக்க வேணாம்."

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தன் நாற்காலியில் இருந்த புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அந்த இடத்தைக் காட்டினார்.

"உட்காரு."

"டீச்சர், நானா?"

"வித்தது நீதானே?"

டெல்பின் உட்கார்ந்தாள். மடியில் கடைப் பிரதியைத் திறந்தாள். அதற்குள் இடுப்புப் பையில் போன் துடித்தது. எடுத்து அணைக்கப் போனவள் கண்ணில் லாய்டின் செய்தி பட்டுவிட்டது. 'ஜொவிட்டா கடைச் சாவியைக் கல்லா மேல வச்சிட்டுப் போயிட்டா. போன் எடுக்கலை. நான் திட்டினதுக்கு ஒரு வார்த்தை பதில் பேசலை. அவகிட்ட நீ என்ன சொன்னே?'

அவள் போனை அணைத்துத் தரையில் கவிழ்த்து வைத்தாள். ஜொவிட்டாவின் சீட்டு இன்னும் நூற்று எண்பத்திரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் பின்னட்டைக்குள் வைக்கப் போன கை நின்றது. படித்தது அவள், சீட்டு ஜொவிட்டாவுடையது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்துக்குப் போனாள்.

"போன் மூணாவது தடவை அடித்தபோது அப்பா எடுத்தார்." முற்றுப்புள்ளி. டெல்பின் நிறுத்தினாள். "அவர் கையில் இன்னும் சோப்பு நுரை இருந்தது." அடுத்த வரியில் குரல் உள்ளே போய்விட்டது.

ஆலிஸ் டீச்சர் கணவரின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சத்தமா வாசி டெல்பின்," என்றார். "எங்க ரெண்டு பேருக்கும் கேட்கணும்."